பீஃப் நூடுல்ஸ்: கறியை முதலில் முடிவு செய்யுங்கள்

வீட்டில் பீஃப் நூடுல்ஸ் செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். எந்த நூடுல்ஸ், எந்த சாஸ், குடைமிளகாய் வேண்டுமா முட்டைக்கோஸ் போதுமா என்று எல்லாவற்றையும் யோசித்து வாங்கி வைத்துவிட்டுக் கடைசியாகக் கறிக்கடைக்குப் போகிறார்கள். அங்கே கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கடைக்காரர் கேட்பார்: "வறுவலுக்கா, குழம்புக்கா?" இரண்டும் இல்லை, நூடுல்ஸுக்கு என்றால் ஏற இறங்கப் பார்ப்பார். அந்தப் பார்வையில் நியாயம் இருக்கிறது. சேலத்தில் கிடைக்கிற மாட்டிறைச்சியை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்துக்குள் நூடுல்ஸ் வதக்கி இறக்க முடியுமா என்பது சாஸையும் காய்கறியையும் பொறுத்தது அல்ல. கறியை எப்படிப் பதமாக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. அதை முடிவு செய்துவிட்டால் எந்த இழை, எந்தச் சுவை, எந்தக் கிழமை என்பதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

வெளிநாட்டுச் செய்முறைகள் "கறியை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி இரண்டு நிமிடம் வதக்கவும்" என்று ஒரே வரியில் கடந்துபோகின்றன. அவர்கள் சொல்வது அவர்கள் ஊர் மாட்டுக்குச் சரி. அமெரிக்காவில் இறைச்சிக்கென்றே வளர்க்கப்படும் மாடு பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதில் வெட்டப்படுகிறது. இங்கே 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பத்து வயதைத் தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாடு, அல்லது காயத்தாலோ ஊனத்தாலோ நிரந்தரமாகப் பயன்படாமல் போன மாடு என்று சான்று பெற்றால்தான் வெட்ட முடியும். எருமைக்கும் இதே விதிதான். ஆக, நம் கைக்கு வருகிற கறி பெரும்பாலும் ஏரும் வண்டியும் இழுத்து ஓய்ந்ததன் கறி, அல்லது பல ஈற்றுக் கண்டு பால் வற்றிய எருமையின் கறி.

வயது ஏற ஏறத் தசைநார்களைப் பிணைத்திருக்கும் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பின்னிக்கொள்கின்றன. ஈரச்சூட்டில் நெடுநேரம் கிடந்தால்தான் அவை ஜெலட்டினாக இளகும். இரண்டு நிமிட வதக்கலில் இளக வழியில்லை. தசை மட்டும் சுருங்கி, உள்ளிருக்கும் நீரைக் கக்கி, மென்றாலும் மாளாத பதத்துக்கு வந்து நிற்கும். மாலையில் சில்லி பீஃப் போடுகிற தள்ளுவண்டியைச் சற்று நின்று கவனித்தால் இது புரியும். அங்கே யாரும் பச்சைக் கறியை எண்ணெயில் போடுவதில்லை. வீட்டிலேயே வேகவைத்துக் கொண்டுவந்த துண்டுகளில்தான் மசாலா ஏறுகிறது. வாடிக்கையாளர் கண்முன் நடப்பது கடைசி மூன்று நிமிட வேலை மட்டும்.

வீட்டில் நமக்கு உள்ள வழிகள் மூன்று: நல்ல துண்டாகப் பார்த்து வாங்கிப் பச்சையாகவே சீவி வதக்குவது, முன்கூட்டியே குக்கரில் வேகவைத்துக்கொள்வது, கொத்துக்கறியாக வாங்குவது.

பச்சையாகச் சீவி வதக்குவது

சீனச் சமையலின் அசல் முறை இதுதான். கான்டன் பகுதியின் புகழ்பெற்ற மாட்டிறைச்சி நூடுல்ஸ், அகலமான அரிசிப் பட்டை நூடுல்ஸும் கீற்றுக் கறியும் சேர்த்துக் கனன்று எரியும் அடுப்பில் புரட்டி எடுப்பது. நன்றாக அமைந்துவிட்டால் மற்ற இரண்டு வழிகளும் இதன் அருகில் நிற்க முடியாது. கறியின் ஓரம் கருகி, உள்ளே சாறு நின்று, கடிக்கும்போது ஒரு நெகிழ்வு இருக்கும். ஆனால் அமைய வேண்டுமே.

முதல் நிபந்தனை துண்டு. முதுகெலும்புக்கு அடியில், உழைக்காமல் ஒளிந்திருக்கிற தசையைக் கடைக்காரர்கள் அண்டர்கட் என்கிறார்கள். மாட்டுக்கு வயதானாலும் அந்தத் தசைக்கு வேலை குறைவு என்பதால் மென்மையாக இருக்கும். ஒரு மாட்டில் அது கிடைப்பதே கொஞ்சம்தான். அதைக் கேட்டு வாங்க வழக்கமான ஆட்கள் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு மேல் போய் நின்றால் தொடைக்கறியைத்தான் காட்டுவார்கள். முந்தைய நாளே சொல்லிவைக்க வேண்டும், விலையும் சற்றுக் கூடும். கூடினாலும் ஆட்டுக்கறி விலையை எட்டாது.

இரண்டாவது நிபந்தனை கத்தி. கறியை ஃப்ரீசரில் முக்கால் மணி நேரம் வைத்து, கல்லாக உறையாமல் விறைத்துக்கொண்ட பதத்தில் எடுத்தால் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ முடியும். மேலே ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வை முதலில் உரித்துவிட வேண்டும், அது எந்தச் சூட்டுக்கும் மசியாது. பிறகு நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்காக வெட்ட வேண்டும். நீளவாக்கில் வெட்டினால் முழு நாரையும் பல்தான் அறுக்க வேண்டியிருக்கும். குறுக்கே வெட்டினால் அந்த வேலையைக் கத்தி முடித்துக் கொடுத்துவிடும்.

மூன்றாவது, ஆப்ப சோடா. அரை கிலோ கீற்றுக்கு முக்கால் தேக்கரண்டி சோடாவை இரண்டு கரண்டி நீரில் கரைத்துப் பிசறி, இருபது நிமிடம் வைத்து, இரண்டு முறை அலசிப் பிழிந்துவிட வேண்டும். சோடா கறியின் மேற்பரப்பைக் காரத்தன்மைக்குக் கொண்டுபோகிறது. அதனால் சூடு பட்டவுடன் புரதங்கள் இறுகிச் சுருங்குவது மட்டுப்படுகிறது, நீர் உள்ளேயே தங்குகிறது. அலசாமல் விட்டால் சோப்பு வாடை வரும். அதிக நேரம் ஊறினால் கறி கொழகொழவென்று ஆகிவிடும்.

பிறகு ஒரு கரண்டி சோயா சாஸ், ஒரு தேக்கரண்டி மாவு, கொஞ்சம் எண்ணெய். சீனர்கள் சோள மாவு போடுகிற இந்த இடத்தில் சேலத்துக்காரர்கள் கடையில் அலைய வேண்டியதில்லை. நாட்டின் ஜவ்வரிசிக்கும் மரவள்ளி ஸ்டார்ச்சுக்கும் நம் மாவட்டம்தான் தலைநகரம். 1981 முதல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் விற்றுக்கொடுக்கிற பண்டம் அது. மரவள்ளி ஸ்டார்ச் சோள மாவைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகி, கறியைச் சுற்றி மினுமினுப்பான மெல்லிய உறையாகப் படியும். என் நாக்குக்குச் சோள மாவைவிட இதுவே மேல். சோள மாவு ஆறினால் மேலே தூள் தட்டும், இது ஆறினாலும் வழவழப்பாகவே இருக்கும். அளவு மீறினால் மட்டும் பசையாக இழுக்கும்.

இவ்வளவும் செய்த பிறகுதான் அடுப்பு தன் சுயரூபத்தைக் காட்டும். சீன உணவகத்து அடுப்பின் சூடு நம் வீட்டு எரிவாயு அடுப்பைப்போலப் பல மடங்கு. நம் அடுப்பில் அரை கிலோ கறியையும் ஒரே வீச்சில் கொட்டினால் கடாய் குளிர்ந்துபோகும். கறி தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரிலேயே சாம்பல் நிறத்தில் வேகும், வதங்காது. இரண்டு கைப்பிடி போடுங்கள், பரப்பிவிடுங்கள், அரை நிமிடம் கரண்டியை எடுக்காதீர்கள். ஓரம் சிவந்ததும் திருப்பி, இன்னும் சில நொடிகளில் தட்டில் எடுத்துவிட்டு அடுத்த ஈடு. நால்வர் உள்ள வீட்டுக்கு மூன்று, நான்கு ஈடு. சமையலறை முழுதும் புகை சூழும், சன்னலைத் திறந்து வையுங்கள்.

தொடைக்கறியில் இதைச் செய்யலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. செய்யலாம், இன்னும் மெல்லியதாகச் சீவ வேண்டும். பல் உறுதியான இளவட்டங்களுக்கு அது போதும். வீட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் இருந்தால் வேண்டாம்.

குக்கர் வழி

என் ஓட்டு இதற்குத்தான். ருசியில் முதலிடம் என்பதற்காக அல்ல, இதில் ஏமாற்றம் இல்லை என்பதற்காக. எந்தத் துண்டும் ஆகும், எந்த வயது மாடும் ஆகும். கழுத்துக்கறியும் நெஞ்சுக்கறியும் தொடையைவிட நன்றாக வரும், ஏனென்றால் இளகுவதற்கு அவற்றில் கொலாஜன் அதிகம். கடைக்காரரிடம் "வறுவலுக்கு" என்றே சொல்லிவிடலாம். ஆனால் உடனே இன்னொன்றும் சொல்ல வேண்டும்: "சின்னதாகப் போட வேண்டாம் பாய், உள்ளங்கை அளவில் பெரிய துண்டாகவே கொடுங்கள், தனிக்கறியாக." இதைச் சொல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் நறுக்கித் தள்ளிவிடுவார்கள்.

பெரிய துண்டு ஏன் என்றால், வதக்கும்போது கீற்றாக இருக்க வேண்டிய கறி, வேகும்போது கட்டியாக இருக்க வேண்டும். சிறிய துண்டுகளாக வேகவைத்தால் சாறு முழுதும் தண்ணீரில் இறங்கி, கறி பஞ்சாக உதிரும். கட்டியாக வெந்து, வெந்த நீரிலேயே ஆறி, குளிர்பெட்டியில் ஓரிரவு கிடந்தால் இளகிய ஜெலட்டின் மீண்டும் கட்டிப்படும். அப்போது கத்தியை வைத்தால் ரொட்டி அறுபடுகிற மாதிரி அரை சென்டிமீட்டர் கனத்தில் கீற்றுக் கீற்றாக விழும். சூடாக இருக்கும்போது அறுக்க முயன்றால் நார் நாராகப் பிய்ந்துவிடும். நூடுல்ஸில் பிய்ந்த கறி அழகில்லை, கரண்டியிலும் சிக்காது.

அரை கிலோவுக்கு அரை டம்ளர் தண்ணீர் தாராளம், கறியே நீர் விடும். தட்டிய இஞ்சி, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், இருபது மிளகு, உப்பு. மஞ்சள் தூள், சோம்பு, பட்டை மூன்றையும் தள்ளி வையுங்கள். அவை சேர்ந்தால் மறுநாள் எந்த சாஸ் ஊற்றினாலும் கறி வறுவல் மணமே வீசும். முதல் விசில் வந்த பிறகு தீயைக் குறைத்து இருபத்தைந்து நிமிடம். வயதான கறி என்று கையிலேயே தெரிந்தால் (நிறம் கருஞ்சிவப்பாக, நார் தடிமனாக இருக்கும், கொழுப்பு மஞ்சளாக இருந்தால் அது பசுவினத்துக் கறி, எருமைக் கொழுப்பு வெள்ளையாக இருக்கும்) இன்னும் பத்து நிமிடம் கூட்டலாம். குக்கருக்குள் சூடு 120 டிகிரி அளவுக்குப் போகிறது. திறந்த பாத்திரத்தில் இரண்டு, மூன்று மணி நேரம் பிடிக்கிற வேலை அங்கே அரை மணியில் முடிவது அதனால்தான்.

மறுநாள் காலை டப்பாவைத் திறந்தால் மேலே கொழுப்பு வெள்ளையாகவோ மஞ்சளாகவோ உறைந்திருக்கும். அடியில் சாறு அல்வாப் பதத்தில் குலுங்கும். இரண்டையும் கொட்டிவிடாதீர்கள். கொழுப்பைச் சுரண்டிக் கடாயில் போட்டு அதிலேயே கறிக் கீற்றுகளை வாட்டலாம். சாற்றில் இரண்டு கரண்டி எடுத்து சோயா சாஸோடு கலந்தால், கடைச் சரக்கான எந்த சாஸிலும் இல்லாத கனம் வரும். வெந்த கறியைப் பச்சைக் கறிபோல நடத்த வேண்டியதில்லை. ஒரு பக்கம் மொறுமொறுப்பு ஏறும் வரை வாட்டினால் போதும், அதனால் அடுப்பின் பலவீனமும் இங்கே பெரிய குறையாகத் தெரியாது.

இந்த வழியில் நேரக் கணக்கே மாறிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ வாங்கி, பாதியைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டு, மீதியைக் கட்டியாக வேகவைத்து மூடி வைத்தால் செவ்வாய் மாலை அலுவலகத்திலிருந்து வந்து இருபது நிமிடத்தில் சாப்பாடு. செய்முறைகள் சொல்கிற அந்த "இருபது நிமிடம்" நம் வீட்டில் உண்மையாவது இப்படித்தான். செவ்வாய்க்கிழமை வீட்டில் கறி ஆகாது என்பவர்கள் திங்களே முடித்துவிடலாம்.

குறை என்று பார்த்தால் இரண்டு. கறியில் அந்த நெகிழ்வான சாறு இருக்காது, மெத்தென்று இருக்கும், அவ்வளவுதான். மற்றொன்று வாசம். பல வீடுகளில் இது சமையல் பிரச்சினையே அல்ல, குடித்தனப் பிரச்சினை. மாட்டுக்கறி சமைக்கக் கூடாது என்று வாய்வார்த்தையாகச் சொல்லித்தான் பல இடங்களில் வீட்டை வாடகைக்கு விடுகிறார்கள். குக்கர் விசில் அடிக்கிற ஒவ்வொரு முறையும் தெருவுக்கே செய்தி போகும். அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்களுக்கு அடுத்த வழி உகந்தது.

கொத்துக்கறி

கடையில் புளியமரக் கட்டையின் மேல் இரண்டு கத்திகளால் தாளம் போட்டுக் கொத்தித் தருவார்கள். இயந்திரத்தில் அரைத்ததும் கிடைக்கிறது. வயதான மாட்டுக்கு இயந்திரமே நல்லது என்பேன், இரண்டு முறை ஓட்டச் சொல்ல வேண்டும். கையால் கொத்தியதில் சவ்வுத் துணுக்குகள் அங்கங்கே அகப்படும். நாரை முன்பே அறுத்தாகிவிட்டதால் பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். முன்வேலை என்று எதுவும் இல்லை. வாங்கிய அன்றே சமைக்கிறவர்களுக்கு உண்மையிலேயே விரைவான வழி இதுதான்.

சீனத்திலும் இதற்கு வழக்கம் உண்டு. சிச்சுவான் பகுதியில் பயற்றம் ஸ்டார்ச்சில் செய்த கண்ணாடி நூடுல்ஸோடு கொத்துக்கறியைப் புரட்டி, மரத்தில் ஏறும் எறும்புகள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். துணுக்குகள் இழைகளில் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான்.

இதில் கவனிக்க வேண்டியது சுத்தம். முழுத் துண்டில் கிருமிகள் மேற்பரப்பில்தான் இருக்கும், சூடு பட்டவுடன் சாகும். கொத்தும்போது மேற்பரப்பு உள்ளே போய்விடுகிறது. அதனால் அன்றே, சிவப்பு சற்றும் இல்லாமல், முழுதாக வேகவைக்க வேண்டும். கடாயில் போட்டதும் கட்டி கட்டியாகச் சேரும். கரண்டி முதுகால் உடைத்துக்கொண்டே இருந்து, நீர் முழுதும் வற்றி எண்ணெய் பிரிந்து, சலசல என்ற சத்தம் படபட என்று மாறிய பிறகுதான் சாஸ். அதற்குமுன் ஊற்றினால் குருமா ஆகிவிடும்.

குழந்தைகளும் பெரியவர்களும் உள்ள வீட்டில் இதைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். கறிக் கீற்றைக் கடிக்கிற இன்பம் வேண்டும் என்பவர்களுக்கு இது பதிலாகாது.

இவை தவிர, பப்பாளிக்காயை அரைத்துப் பூசுவது என்ற பழைய வழியும் இருக்கிறது. பப்பாளியின் நொதி மேற்பரப்பைக் கரைக்கும், உள்ளே போகாது. கீற்றுக் கறியில் அது வெளியே கூழ், உள்ளே தோல் என்று முடியும், பிரியாணிக்கே விட்டுவிடுங்கள். கடையில் பெப்பர் ஃப்ரை பார்சல் வாங்கி வந்து வீட்டு நூடுல்ஸில் புரட்டுகிறவர்களும் உண்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன். நூடுல்ஸில் உப்பே போடாமல் செய்தால் மாலைப் பசிக்கு நன்றாகவே இருக்கும்.

எந்த இழை எதற்கு

கறி முடிவானால் இழை சுலபம். ஹக்கா நூடுல்ஸ் என்று விற்கிற, பொரிக்காத கோதுமை நூடுல்ஸ்தான் குக்கர் கறிக்கும் அண்டர்கட்டுக்கும் பொதுவான துணை. உறையில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே வடித்து, குளிர்ந்த நீர் ஊற்றி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிசறிப் பரப்பி வைக்க வேண்டும். நடுவில் ஒரு நூலளவு வேகாமல் நின்றால் அது கடாயில் வெந்துகொள்ளும். குழைந்த நூடுல்ஸைக் கடாயில் போட்டு எந்த மன்னனாலும் மீட்க முடியாது.

மசாலாப் பொட்டலத்தோடு வரும் உடனடி நூடுல்ஸ் ஏற்கெனவே எண்ணெயில் பொரித்தது. இரண்டு நிமிடத்தில் வெந்து மூன்றாவது நிமிடத்தில் குழையும். அவசரத்துக்கு இழையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பொட்டலத்தைப் பிரித்துப் போட்டால் மாட்டுக்கறிக்குச் செலவழித்த காசு வீண். எல்லாம் ஒரே சுவையாகிவிடும்.

கொத்துக்கறிக்கு நான் கோதுமை நூடுல்ஸைப் பரிந்துரைக்க மாட்டேன். அதன் வழவழப்பில் துணுக்குகள் நிற்காமல் தட்டின் அடியில் சேர்ந்துவிடும். அங்கே அரிசி இழைதான். கொங்குப் பக்கத்துச் சந்தகை இருக்கிறதே, புழுங்கலரிசி மாவை இட்லியாக வேகவைத்துச் சூட்டோடு பிழிகிறது, அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. காலையில் தேங்காய்ப்பாலுக்கும் எலுமிச்சைக்கும் பிழிந்ததில் மீந்ததை மூடி வைத்தால் மாலைக்குள் இழை இறுகி, ஒட்டாமல் பிரியும். பிழிய ஆள் இல்லாத வீட்டில் பாக்கெட் அரிசிச் சேவையை வெந்நீரில் ஊறவைத்து வடித்துக்கொள்ளலாம். அரிசி இழையோடு மாட்டுக்கறியா என்று மூக்கைச் சுளிப்பவர்கள், கான்டன் நூடுல்ஸும் அரிசிதான் என்பதை நினைத்துக்கொள்ளட்டும். கோதுமைச் சேமியா மட்டும் வேண்டாம். அது உப்புமாவைத் தவிர வேறு எதற்கும் வளைந்துகொடுக்காது.

சாஸில் இரண்டு பாதை. சோயா, பூண்டு, இஞ்சி, கொஞ்சம் இனிப்பு என்பது ஒன்று. மிளகு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் என்பது மற்றொன்று. இரண்டையும் கலப்பதுதான் பெரும்பாலான வீட்டு நூடுல்ஸ் குழம்பிப்போவதற்குக் காரணம். கோதுமை இழைக்கு முதல் பாதை, அரிசி இழைக்கு இரண்டாம் பாதை என்று வைத்துக்கொண்டால் பிழையில்லை. சோயா பாதையில் இனிப்புக்குச் சீனியைவிடச் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் வாங்கிய உருண்டை வெல்லத்தைச் சீவிப் போடுவது கறிக்கு நன்றாகப் பிடிக்கும். புளிப்புக்கு வினிகர். மாங்காய்க் காலமாக இருந்தால் கிளிமூக்கு மாங்காயைத் தீக்குச்சி மாதிரி நறுக்கி, இறக்கும்போது தூவினால் வினிகரே வேண்டியதில்லை.

செய்முறையில் எள் எண்ணெய் என்று போட்டிருந்தால் உடனே நல்லெண்ணெயை எடுக்காதீர்கள். சீனர்கள் கடைசியில் சொட்டுவிடுவது வறுத்த எள்ளில் எடுத்தது, மணத்துக்காக மட்டுமே. நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது, அதன் குணம் வேறு. வதக்கக் கடலை எண்ணெயை எடுத்துக்கொண்டு, மணத்துக்கு ஒரு தேக்கரண்டி எள்ளை வெறும் வாணலியில் வெடிக்க விட்டுத் தூவினால் கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வந்துவிடலாம்.

காய்கறியில் பெரிய யோசனை தேவையில்லை. சூரமங்கலமோ அம்மாபேட்டையோ, அருகில் உள்ள உழவர் சந்தைக்கு விடியற்காலையில் போனால் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயத்தாள் எல்லாம் கிடைக்கும். கறியைத் தனியாக, காயைத் தனியாக வதக்கி, கடைசியில் சேர்க்க வேண்டும் என்பது ஒன்றே விதி. பாத்திரம் இரும்புக் கடாய். நாடெங்கும் எவர்சில்வர் தகடு அனுப்புகிற உருக்காலை நம் ஊரில்தான் இருக்கிறது, இருந்தும் இந்த வேலைக்கு எவர்சில்வர் ஆகாது. ஸ்டார்ச் பூசிய கறி அடியில் பிடித்துக்கொள்ளும். நான்ஸ்டிக்கில் ஒட்டாது, ஆனால் புகை வரும் அளவுக்குச் சூடேற்றினால் அதன் பூச்சு கெடும். பழகிய தோசைக்கல்லாவது மேல்.

ஏற்காட்டில் என்றால்

மேலே போனால் கணக்கு சற்று மாறும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் நூடுல்ஸ் வேக ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாகும். உறையில் உள்ள நேரத்தை நம்பாமல் ஓர் இழையை எடுத்துக் கடித்துப் பார்ப்பதே வழி. மாட்டுக்கறியைத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்கிற எண்ணமே வேண்டாம். விறகு தீர்ந்தாலும் கறி தீராது. குக்கரில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்திருப்பதால் ஓரிரு டிகிரிதான் குறையும், ஐந்து நிமிடம் கூட்டினால் சரியாகிவிடும்.

ஆனால் விடுமுறைக்குப் போகிறவர்கள் தங்குகிற விடுதிச் சமையலறையில் குக்கர் இருந்தால் அதற்கு வளையம் இருக்காது, வளையம் இருந்தால் வெயிட் இருக்காது. அடுப்பும் பெரும்பாலும் ஒற்றை பர்னர். பச்சையாகச் சீவி வதக்குகிற வழியை அங்கே மறந்துவிடலாம். கறியைச் சேலத்திலேயே கட்டியாக வேகவைத்து, இரவு முழுதும் குளிரவைத்து, ஐஸ் கட்டிகளோடு டப்பாவில் எடுத்துப்போவதுதான் உத்தமம். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் கெட்டுவிடாது. அறைக்குப் போனதும் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். மலை குளிராக இருக்கிறதே என்று வெளியே விடக் கூடாது.

மேலே வாங்க வேண்டியது மிளகு. காபித் தோட்டத்து நிழல் மரங்களில் படர்ந்த கொடியிலிருந்து வருகிற மிளகைத் தோட்டத்துப் பக்கத்துக் கடைகளில் விற்பார்கள். அதை வாங்கி, அப்போதே அம்மியிலோ டம்ளர் அடியிலோ தட்டிப் போட்டால் சாஸ் பாட்டிலே தேவைப்படாது. அறுவடைக்கு முன்பு பச்சை மிளகுக் கொத்து கிடைத்தால் இன்னும் நல்லது. காம்பிலிருந்து உருவி, முழு மணிகளாகவே சூடான கொழுப்பில் பத்து நொடி விட்டு, அதன்மேல் கறிக் கீற்றுகளைப் போட வேண்டும்.

வெந்த கறி குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். அதற்குமேல் வேண்டுமென்றால் வேகவைத்து ஆறிய அன்றே, ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து, சாற்றோடு ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். செய்கிற நாளுக்கு முந்தைய இரவு கீழ்த்தட்டுக்கு இறக்கினால் காலையில் அறுக்கிற பதத்தில் இருக்கும்.